அலுமினியமும் ஓவியமும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

எழும்பூருக்கு அருகே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியைப் பலரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மருத்துவருக்கு ஓவியப் பள்ளி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஆர்வங்கள் அப்படி!

ஆரம்பத்தில் அங்கே கைத்தொழிலுக்கும் பெரிய இடம் இருந்தது. அலுமினியப் பாத்திரம் நம் அடுப்படிக்கு வந்த கதை இந்தப் பள்ளியோடு பின்னியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் இங்கேதான் அந்தப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். ஓவியப் பள்ளியில் குண்டான் தட்டும் ஓசையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது.

பிறகு வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1929இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததே மெரினாவின் உழைப்பாளர் சிலை. அவரிடம் பயின்ற ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் இதன் முதல்வரானார். தந்தி அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில் மாணவராகச் சேர்ந்தவர் அவர். 1966இல் பணிக்கர் முன்னின்று, கலைஞர்கள் சேர்ந்து வாழ்ந்து படைப்பதற்கான சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைக்கு அருகே உருவானபோது, அந்தக் கலைஞர்கள் கைவினைப் பொருள்களை விற்றுத்தான் பணம் திரட்டினார்கள். பழைய கைத்தொழில் பாடம் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உழைப்பாளர் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பள்ளிகள் ஒருநாள் இந்தக் கல்லூரிக்கும் அழைத்துச் செல்லலாம். அலுமினியக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
புரசைவாக்கம், சென்னை.