வன்னியில் பதாகை அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா தொடக்கம் பரந்தன் வரை அச்சகமும் பதாகைக் கடையும் நடத்துகிற அண்ணன்மாருக்கும், அங்கே கணினியில் வடிவமைக்கிற தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

வைகாசி வந்தால் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீதியெல்லாம் பதாகை கட்டுவோம். அதில் 'கண்ணகை அம்மன்' என்று தடித்த சாய்வெழுத்தில் போடுகிறீர்கள். ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால், மூன்று சுழி 'ண' அடைபட்டு இரண்டு சுழி மாதிரித் தெரியும். புள்ளி எழுத்தின் உச்சியை விட்டு வலப்பக்கம் நழுவி, வட்டமும் கெட்டு முட்டை வடிவில் கிடக்கும். அம்மன் பெயரிலேயே எழுத்துப்பிழையா என்று யாராவது சண்டைக்கு வந்தால், தட்டச்சு செய்த பிள்ளை பாவம். கணினியில் எழுத்தைத் தடிப்பாக்குகிற 'பி', சரிக்கிற 'ஐ' என்ற இரண்டு பொத்தான்கள் பார்த்த வேலை அது.

ஆங்கிலத்துக்கு அந்தப் பொத்தான்கள் நல்லது செய்கின்றன. டைம்ஸ் நியூ ரோமன், ஜோர்ஜியா என்ற ஆங்கில எழுத்துருக்களில் தடித்த சாய்வு தனியாக வரைந்து வைத்த வடிவம். சின்ன 'ஏ' தலைவளைவை விட்டுக் கையெழுத்து 'ஏ' ஆகிறது. 'எஃப்'இன் வால் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. செரிஃப் என்கிற தட்டையான முனைக்கோடு, பல எழுத்துகளில் பேனா இழுத்துவிட்ட வளைவாகிறது. 1500 அளவில் வெனிஸில், அல்டஸ் மனூசியஸின் அச்சகத்துக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ கையெழுத்தைப் பார்த்து வெட்டியதுதான் முதல் சாய்வெழுத்து. அப்போது முழுப் புத்தகமே அதில் அடித்தார்கள். அது கொழுத்தது 19ஆம் நூற்றாண்டில், விளம்பரத் தாள்கள் பெருகியபோது. அதனால்தான் அதில் நளினமும் சத்தமும் ஒன்றாக இருக்கின்றன. கலியாண அழைப்பிதழில் ஆங்கிலப் பெயர், சஞ்சிகையில் ஒரு தலைப்பு, போத்தல் லேபிள் என்று இரண்டு மூன்று சொல்லுக்கு அருமையான எழுத்து. பந்தி முழுக்கப் போட்டால் தலையிடி. போடோனி மாதிரி, தடித்த கோட்டோடு மெல்லிய கோடும் உள்ள எழுத்துருவை பிளெக்ஸில் அடித்தால், தூரத்தில் தடித்த பாதி மட்டும்தான் மிஞ்சும்.

தமிழுக்கு வருவோம். லதா என்ற தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்: தடித்த வடிவம் இருக்கிறது, சாய்ந்த வடிவம் இல்லை. 'ஐ'யை அழுத்தினால் மென்பொருள் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். லொறியில் தூரிகையால் பெயர் எழுதுகிறவரும் சரித்துத்தான் எழுதுவார். ஆனால் அவர் சுழியின் வயிற்றைத் திறந்து வைத்து, புள்ளியைக் கடைசியில் கண்மட்டம் பார்த்து வைப்பார். சாய்வு கட்டாயம் வேண்டுமென்றால் அப்படி ஒருவரிடம் பெயரை மட்டும் எழுதுவித்து ஸ்கேன் பண்ணுங்கள். மற்றதெல்லாம் நிமிர்ந்தே இருக்கட்டும்; எடுப்பாகத் தெரிய நிறம் இருக்கிறது, அளவு இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் தயவுசெய்து சாய்வே வேண்டாம்.

"சரிச்சுப் போடுங்கோ, ஸ்டைலா இருக்கும்" என்று வாடிக்கையாளர் கேட்பார்தான். அப்போது இரண்டு விதமாகவும் ஏ4 தாளில் அடித்துக் கடைச் சுவரில் ஒட்டி, அவரை வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பாட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரே முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து பதாகை வாசிக்கிற ஒருவர்