கார்ட்டூன் படம்தானே என்றாய்

அன்புள்ள தம்பி,

உன்மேல் எனக்கு நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது: நன்றி புது லேப்டாப்புக்கு, கோபம் அதில் நீ பார்க்கச் சொன்ன படத்துக்கு. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிறார்கள் என்றால் உனக்கும் கொஞ்சம் உறைக்கும்.

நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து, திரையைச் சுவரில் சாய்த்துவைத்துத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது புள்ளி விசை. நான் தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அடிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். அதில் ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில் புள்ளி இருக்கிறது. மெய்ப்புத் திருத்துகிறவளின் இடது ஆள்காட்டி விரல் நாள் முழுக்கக் குத்துகிற இடம். அந்த விசை செத்துப்போயிற்று. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் அப்படியே என்று தமிழ்99-இல் ஒரு வசதி உண்டல்லவா? அதன் புண்ணியத்தில் 'அம்மா' ஒழுங்காக வந்தாள், 'பந்து' வந்தது. 'மரம்' மட்டும் 'மரம' என்று மொட்டையாக நின்றது. ஓலைச்சுவடி எழுதியவர்களும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், அதைவைத்தே உ.வே.சா. பதிப்பிக்கவில்லையா என்று என்னை நானே தேற்றிக்கொண்டு ஒரு நாவலைப் பாதிவரை திருத்தினேன். பதிப்பகத்துக்காரருக்கு உ.வே.சா.வின் பொறுமை இல்லை.

அடுத்து டச்பேட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. வீடியோ அழைப்பில் அதைப் பார்த்தவுடன் "சித்தி, சார்ஜரைப் பிடுங்குங்கள்" என்று நீ போட்ட சத்தத்தில் பாப்பா பயந்து எழுந்துவிட்டாள். லித்தியம் பாட்டரி வயதாகும்போது உள்ளே இருக்கும் மின்பகுளி என்ற வேதிக்கரைசல் சிதைந்து வாயுவாகும், வாயு வெளியேற வழியில்லாமல் உறை ஊதும், அதைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும் என்று நீ விளக்கிய பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? லேப்டாப்பை மொட்டைமாடித் தரையில் தனியாக வைத்துவிட்டு வந்து படுத்தேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கழற்றிக் காட்டியபோது அரை லிட்டர் பால் பாக்கெட்டைப்போல் இருந்தது பாட்டரி.

பாட்டரியும் விசைப்பலகையும் மாற்றிவிட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார் கடைக்காரர். எனக்கும் அதுதான் ஆசை. நீதான் தடுத்தாய். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன, இந்தப் பழைய பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தரட்டுமா என்றாய். லினக்ஸ் கற்கிற உற்சாகம் எனக்கில்லை. ஆகவே புதியது வந்தது. நினைவகத்தை (ரேம்) தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பதால் பிற்பாடு கூட்ட முடியாது, இப்போதே 16 ஜிபி வாங்குங்கள் என்றாயே, அது நல்ல யோசனை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு யூ.எஸ்.பி. வழியாக இணைத்ததும் எல்லாம் வந்துசேர்ந்தது. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தன; எழுத்துருவை ஏற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் கிடக்கிறது.

நன்றி முடிந்தது. இனி கோபம்.

கோப்புகள் நகரும் வரை சும்மா இருக்க வேண்டாம், புதுத் திரையில் ஒரு படம் பாருங்கள் என்றாய். ஜப்பான் கார்ட்டூன்தான், நாம் பார்த்த 'டோட்டோரோ' எடுத்த அதே ஸ்டூடியோ கிப்லி, பாப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்றாய். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. பெயரிலேயே கல்லறை இருக்கிறது. மின்மினி என்ற சொல்லில் மயங்கிவிட்டோம் இருவரும்.

தொடங்கிய உடனேயே ஒரு பையன், தான் 1945 செப்டம்பர் 21 இரவு இறந்துபோனதாகச் சொல்கிறான். கோபே நகரத்தின் சன்னோமியா ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி சாகிறான். துப்புரவுப் பணியாள் அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்து இருட்டில் வீசுகிறார். உள்ளேயிருந்து சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. "அண்ணன் தூங்குகிறானா?" என்று கேட்டாள் பாப்பா. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் குண்டுவீச்சு; உடல் முழுக்கக் கட்டுப்போட்ட அம்மா, கட்டுக்கு மேல் புழு. தண்ணீர் கொண்டுவா என்று பாப்பாவை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்புவதற்குள் லேப்டாப்பை மூடினேன். மீதியை அவள் தூங்கிய பிறகு தனியாகப் பார்த்தேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பழைய திரையாக இருந்தால் பாதி தெரிந்திருக்காது. இந்தத் திரையில் ஒன்று கவனித்தேன். மற்ற கார்ட்டூன்களில் ஆட்களின் உருவத்தைக் கறுப்புக் கோட்டால் வரைந்திருப்பார்கள். இதில் பெரும்பாலும் பழுப்பு. அதனால் முகங்கள் பின்னால் இருக்கும் மண்ணோடும் வைக்கோலோடும் கலந்து நிற்கின்றன. இறந்தவர்களாக அந்த அண்ணனும் தங்கையும் வரும் காட்சிகளில் மட்டும் எல்லாம் சிவப்பு.

மறுநாள் நீ போனில், "போர் எதிர்ப்புப் படம் சித்தி, அப்படித்தான் இருக்கும்" என்றாய். இயக்குநர் இசாவோ தகஹாதா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை, தெரியுமா? இது போர் எதிர்ப்புப் படமில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். போரை அறியாதவருமில்லை: 1945 ஜூனில் ஒகயாமா நகரம் எரிந்தபோது, ஒன்பது வயதில், சகோதரியோடு தெருவில் ஓடியவர். அவர் காட்ட நினைத்தது, ஊரை விட்டு ஒதுங்கித் தங்களுக்கென்று ஓர் உலகம் கட்டிக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளின் தோல்வியை. எனக்கு அவர் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. குண்டு போடும் விமானங்கள் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அந்த அத்தை செய்தாள்.

தாயை இழந்து வந்த பிள்ளைகளை அவள் வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். அதை மறக்காதே. பிறகு செத்துப்போன அம்மாவின் கிமோனோக்களை அரிசிக்கு மாற்றலாம் என்கிறாள். அரிசி வருகிறது. வேலைக்குப் போகிற மகளுக்கும் குடியிருப்பவருக்கும் கஞ்சிப் பானையில் கரண்டியை அடிவரை விட்டு அள்ளி ஊற்றுகிறாள். பதினான்கு வயது அண்ணன் சேய்தாவுக்கும் நாலு வயதுத் தங்கை செட்சுகோவுக்கும் மேலாக இருக்கும் தண்ணீர். கை நடுங்காமல், முகம் சுளிக்காமல், கணக்குப் பார்க்கிறவளின் சாதாரண முகத்தோடு. அந்தக் கரண்டியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நீ எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரி படித்தாய். உன் தட்டில் எத்தனை தோசை விழுந்தது என்று நான் எண்ணியதில்லை. ஆனால் அரிசிக்குப் பஞ்சம் வந்த வீட்டில் நான் கரண்டி பிடித்ததுமில்லை. அப்படியொரு நிலை வந்திருந்தால் யாருக்கு அடியிலிருந்து அள்ளியிருப்பேன், யாருக்கு மேலாக? சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அவள் வேறுவிதமாக எடுத்துக்கொள்வாள்.

அத்தை கெட்டவள், பையன் பாவம் என்று நீ ஒரே வரியில் முடித்தாய். பையன் பாவம்தான். ஆனால் வங்கியில் அம்மா போட்டுவைத்த பணம் இருக்கிறது. திரும்பிப் போய் அத்தையிடம் மன்னிப்புக் கேள் என்று ஒரு விவசாயி புத்தி சொல்கிறார். அவன் போகவில்லை. குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்குகுழியில் தங்கச்சியை வைத்துக்கொண்டு மின்மினி பிடிக்கிறான். அவன் ரோஷத்துக்கு விலை கொடுத்தது அவள். பணத்தை எடுத்துச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வரும்போது அவள் கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு கிடக்கிறாள். மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனிடம் நீட்டுகிறாள்.

கதையை எழுதிய அகியுகி நோசாகாவின் தங்கையும் பசியில்தான் செத்தாள். 1967-இல் அதைச் சிறுகதையாக எழுதினார். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் அன்பாக இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு அத்தையைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் தேடிப் படித்தேன். 1988 ஏப்ரலில் ஜப்பானில் இந்தப் படமும் 'டோட்டோரோ'வும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்தே வெளியாகியிருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரை நினைத்துப் பார். அவர்களுக்கு யார் சொன்னார்களோ, கார்ட்டூன் படம்தானே என்று.

பாப்பா அந்த அண்ணன் எழுந்தானா என்று இன்னும் கேட்கிறாள். பதில் சொல்வது உன் பொறுப்பு. பொங்கலுக்கு வரும்போது பழைய லேப்டாப்பை மின்கழிவு எடுக்குமிடத்தில் சேர்த்துவிட்டுப் போ. பாட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கொடுக்காதே. உன் கல்லூரிக் காலப் புகைப்படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன, ஒரு பிரதி எடுத்துக்கொள். அடுத்த முறை படம் சொல்வதாக இருந்தால் கதையையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
சித்தி