அண்ணாச்சியின் 312 கேசட்டுகள்: கொஞ்சம் கை கொடுங்கள்

ஊரில் இருப்பவர்களுக்கும், பிழைக்கப் போன இடத்திலிருந்து இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கும் வணக்கம். தூத்துக்குடி படிப்பக வீடியோ கேசட் குழுவிலிருந்து பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம். 1,18,500 ரூபாய் வேண்டும். பழைய வீடியோ கேசட்டுகளைப் போட்டுப் பார்த்து விமர்சனம் எழுத இவ்வளவா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுக் கடைசி வரை படிக்கவும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியைப் படிப்பகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரியும். மாலையில் தினத்தந்தியை முதலில் எடுத்துவிட்டு யாருக்கும் தராமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். போன ஆவணியில் தவறிவிட்டார். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார், வீட்டை விற்கப் போகிறார்கள். மாடி அறையை ஒழிக்கும்போது மூன்று மரப்பெட்டிகளில் 312 வீடியோ கேசட்டுகள் இருந்தன, கூடவே ஒரு பேரேடு. "பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டேங்கிறான், உங்களுக்கு வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்று அந்த அக்கா சொன்னதும் நாலு பேர் போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இப்போது படிப்பகத்து மாடியில் இருக்கின்றன.

கேசட்டைவிட எங்களைப் பிடித்துக்கொண்டது அந்தப் பேரேடுதான். கடையில் வரவு செலவு எழுதுகிற நீளமான சிவப்பு அட்டை நோட்டு. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் எண், உள்ளே என்ன இருக்கிறது, யார் வாங்கிப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள், அப்புறம் கடைசிக் கட்டத்தில் அவருடைய அபிப்பிராயம் ஒரே வரியில். "முதல் பாதி போதும்." "பாட்டுக்கு மட்டும்." "அழவைக்கணும்னே எடுத்திருக்கான்." "இன்னொரு தடவை பார்க்கணும், இப்ப வேண்டாம்." பதினெட்டு வருடம் இப்படி எழுதிவந்திருக்கிறார், யாரிடமும் காட்டாமல். நாலு படம் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதுகிற எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் திட்டம் இதுதான். அவர் பார்த்த அதே கேசட்டை, அதே வரிசையில் நாங்கள் பார்ப்போம். அவருடைய ஒரு வரிக்குக் கீழே எங்கள் விமர்சனத்தை எழுதுவோம். இந்தப் படமெல்லாம் இணையத்திலேயே கிடக்கிறதே என்பார்கள். சில படங்கள் கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்தக் கேசட்டில் படம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் நடுவில் நின்று செய்தி வருகிறது, ஷோபனா ரவி வாசிக்கிறார், ஒனிடா டிவி விளம்பரத்தின் கொம்பு முளைத்த பிசாசு வந்து போகிறது, நாயகி கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை விழுகிறது. அந்தக் காலத்து வீடு ஒரு படத்தை இப்படித்தான் பார்த்தது. சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றிய பிரதியில் இதெல்லாம் கிடைக்காது. இது இல்லாமல் அந்தப் படம் எங்கள் வீடுகளில் என்னவாக இருந்தது என்று எழுதவும் முடியாது.

இந்தச் சேமிப்பு எப்படி வந்தது என்பதே ஒரு கதை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிவிட்டது, ஆனால் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வரும் வரை சென்னை நிகழ்ச்சிகள் நம் பக்கம் எட்டவில்லை. அதுவரை நமக்கு இலங்கைதான். 1982-இல் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்த பிறகு மொட்டை மாடியில் இரும்புக் குழாயை இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டர் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காற்று ஓய்ந்த நாளில் கொழும்பு பக்கத்துத் தெரு மாதிரித் தெரியும், அடுத்த நாள் வெறும் புள்ளி மழை. அண்ணாச்சிக்கு இது போதவில்லை. சென்னையில் இருந்த மச்சானைப் பிடித்து ஒளியும் ஒலியும் என்ற பாட்டு நிகழ்ச்சி, நாடகம், ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று பதியவைத்து பஸ்ஸில் பார்சலாக வரவழைத்திருக்கிறார். டெக் (கேசட்டைப் போட்டுப் பார்க்கவும் பதியவும் ஆகிற வி.சி.ஆர். பெட்டி) வைத்திருந்த வீடு தெருவுக்கே ஒன்று என்பதால் வெள்ளிக்கிழமை பாட்டை அடுத்த வாரம் புதன்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் முப்பது பேர் பார்த்திருக்கிறோம், எங்கள் குழுவில் மூன்று பேர் அந்த முப்பதில் இருந்தவர்கள். (கேசட் தீர்ந்துபோன ஒரு நாளில் கொழுந்தியாள் கல்யாண வீடியோவின் மேலேயே மகாபாரதத்தைப் பதிந்துவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் சங்கு ஊதுகிறார்கள், பார்த்தால் குருட்சேத்திரம். அந்தப் பேச்சை இன்றைக்கும் அந்த வீட்டில் எடுக்கக்கூடாது.)

இதுவரை ஆறு கேசட் பார்த்து முடித்திருக்கிறோம், இரவல் டெக்கில். 47-ஆம் எண் கேசட்டின் முதுகில் "எம்.ஜி.ஆர்." என்று மட்டும் எழுதியிருந்தது. சண்டைப் படமாக இருக்கும் என்று சுண்டல் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓடியது 1987 டிசம்பர் 25, இறுதி ஊர்வலம். சென்னையில் மச்சான் வீட்டில் பதிந்தது. வர்ணனை நடுவே நின்றுவிடுகிறது, கூட்டத்தின் சத்தம் மட்டும் வருகிறது, திரும்ப வர்ணனை. ஓர் இடத்தில் அந்த வீட்டுக்குள் யாரோ அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்பது போல எங்களுக்குத் தோன்றியது. டெக்கில் பதியும்போது அறைச் சத்தம் ஏறாது என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் அடித்துச் சொன்னார். அப்படியானால் அது மெரினாவில் மைக்குப் பக்கத்தில் நின்ற யாரோ. பேரேட்டில் அந்தக் கேசட்டுக்கு அபிப்பிராயம் இல்லை. "அழிக்காதே" என்று சிவப்பு மையில் இருக்கிறது, அவ்வளவுதான். நாங்களும் அதற்கு விமர்சனம் எழுதவில்லை. பார்த்ததை மட்டும் குறித்து வைத்தோம்.

எல்லாமே இப்படிப் பொக்கிஷம் என்று ஏமாற்ற மாட்டோம். அறுவையும் நிறைய இருக்கிறது. தொண்ணூறுகளில் ஓடிய ஜுனூன் என்ற இந்தி டப்பிங் தொடர் இரண்டு கேசட் நிறைய. வினைச்சொல்லை முன்னால் போட்டுப் பேசுகிற அந்த டப்பிங் தமிழுக்கு "ஜுனூன் தமிழ்" என்றே பெயர் வந்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி எழுதியிருப்பது "தமிழைக் கொன்னுட்டான், ஆனா விட மனசில்லை." எங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் பத்து நிமிடத்தில் விட மனசு வந்துவிட்டது, மீதிப் பேர் அடுத்த கேசட் எப்போது என்று கேட்கிறார்கள். இரண்டு விமர்சனத்தையும் சேர்த்தே போடுகிறோம்.

சரி, பணத்துக்கு வருவோம்.

உப்புக்காற்று ஊரில் மாடி அறையில் இருந்த கேசட் என்ன ஆகும்? கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தாலே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது, பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால், நாடாவைப் படிப்பதற்காக நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிற ஹெட்டில் அது போய் அடைந்து, படம் போவதோடு அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டிவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, வேறு கூட்டில் மாட்ட வேண்டும். முதல் கட்டமாக வேறெங்கும் எங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நூறு கேசட்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறோம், அவற்றில் நாற்பதில் பூஞ்சை இருக்கிறது. மெக்கானிக் அண்ணனுக்குக் கேசட்டுக்கு 400 ரூபாய் வீதம் 16,000. அவர் இதற்குக் கூலியே வேண்டாம் என்றார், வாங்கத்தான் வேண்டும் என்று நாங்கள்தான் சண்டை போட்டோம்.

டெக்கும் வாங்க வேண்டும். உலகத்தில் கடைசி வரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, ஆகவே சென்னையில் ரிச்சி தெருவில் தேடினாலும் பர்மா பஜாரில் தேடினாலும் செகண்ட் ஹேண்ட்தான். ஒன்று ரிப்பேரானால் உதிரிப் பாகத்துக்காக இன்னொன்று என்று இரண்டு, சர்வீஸோடு 28,000. படத்தை நடுக்கமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற கருவிகளுக்கு 30,000. அப்புறம் ஹார்டு டிஸ்க், இதுதான் பெரிய செலவு. தரம் குறைக்காமல் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். நூறு கேசட், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 9,000 ஜிபி. ஒரு பிரதி மட்டும் வைத்தால் அது கெட்டுப்போகிற அன்றைக்கு எல்லாம் போய்விடும், ஆகவே இரண்டு பிரதி, 56,000. ஈரம் படாமல் வைக்க பீரோவும் சிலிக்கா ஜெல்லும் 12,000. விமர்சனங்களைப் பேரேட்டு வரிகளோடு சேர்த்துச் சின்னப் புத்தகமாக 300 பிரதி அச்சடிக்க 18,000. ஆக மொத்தம் 1,60,000. குழுவில் உள்ளவர்கள் போட்டது 41,500. மீதிதான் மேலே சொன்ன தொகை.

வெளியே கொடுத்தால் மலிவாக முடியுமே என்றும் கேட்டார்கள். கொடுத்துப் பார்த்தோம். வேறு ஊரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். இரண்டு கேசட் அனுப்பினோம், டிவிடியாக வந்தது. எல்லோர் முகமும் பக்கவாட்டில் இழுத்த பூரி மாதிரி இருக்கிறது, முதல் பத்து நிமிடம் இல்லை, விளம்பரம் வருகிற இடத்தையெல்லாம் "உங்களுக்காகவே" வெட்டி எடுத்துவிட்டோம் என்று பெருமையாக வேறு சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியதே அதுதான் என்று எப்படிப் புரியவைப்பது?

வீட்டு ஆட்கள் பதிந்துவைத்ததற்கு எங்கேயும் மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் தொலைக்காட்சிச் செய்தியை இரவும் பகலுமாகப் பல பத்தாண்டுகள் பதிந்துவந்தார், 2012-இல் இறக்கும்போது சுமார் 70,000 கேசட்டுகள் சேர்ந்திருந்தன. அவை ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாம் கேட்பது நூறு கேசட்டுக்குத்தான்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் "அப்போ லிங்க் அனுப்புவீங்களா" என்று இப்போதே நாலு பேர் கேட்டாகிவிட்டது. அனுப்ப மாட்டோம். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது, படத்தை ஊருக்கெல்லாம் விநியோகிக்க இடம் தரவில்லை. நாங்கள் வெளியிடுவது எழுத்து மட்டும்தான். நன்கொடை கொடுத்தவருக்கும் பிரதி கிடையாது.

ஒரு கேசட்டுக்கு ஆகிற செலவு 1,600 ரூபாய். முழுதாகக் கொடுப்பவர் பேரேட்டைப் புரட்டி எந்த எண் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கத்தின் அடியில் அவர் பெயர் வரும். ஆனால் அந்தப் படத்தை நாங்கள் திட்டி எழுதினால் கோபித்துக்கொள்ளக்கூடாது. நூறு ரூபாயும் வாங்குகிறோம், ரசீது உண்டு. வருமான வரி விலக்கு எங்களுக்கு இல்லை. வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது, குழுவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வரவு செலவு படிப்பகத்துப் பலகையில் ஒட்டப்படும். முழுத் தொகை சேராவிட்டால் சேர்ந்த அளவுக்குக் கேசட்டைக் குறைத்துக்கொண்டு தொடங்குவோம், பூஞ்சை பிடித்த நாற்பதுதான் முதலில்.

பணம் இல்லாதவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பரணில் ஓடாத டெக் கிடந்தால் கொடுங்கள், உதிரிப் பாகத்துக்கு ஆகும். எண்பதுகளின் பழைய வாரப் பத்திரிகைகள், தினசரிகள் இருந்தால், தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் வந்த பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கேசட்டில் தேதி இல்லை, நாடகத்தின் தலைப்பு ஓடுகிற இடத்தில் மச்சான் எப்போதும் தாமதமாகத்தான் பொத்தானை அழுத்தியிருக்கிறார், பெயரே தெரியாமல் பதினோரு வாரம் ஒரு நாடகம் ஓடுகிறது. அப்புறம் பார்வையாளர்கள் வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட வழியில்லை, அப்படி நூறு சாயங்காலம். மாலை ஆறு மணிக்கு மாடிக்கு வந்து உட்கார்ந்து, பார்த்து, நோட்டில் எழுதத் தெரிந்தால் போதும். டீ உண்டு, மிக்சர் உண்டு.

தை பிறந்ததும் தொடங்கலாம் என்று இருக்கிறோம். முதல் கேசட் பேரேட்டில் 9-ஆம் எண். படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார், அபிப்பிராயக் கட்டத்தில் "ரொம்ப நல்லா இருக்கு."

இப்படிக்கு,
படிப்பக வீடியோ கேசட் குழு, தூத்துக்குடி