சண்டகான் வாளுக்கு இரண்டாவது பிடி

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம். சபாவில், சண்டகானில் பழைய சாமான் கடையில் வாங்கித் தந்தாயே மோரோ வாள், தெற்குப் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களுடைய வாள், அதற்குப் பிடி போட்டாகிவிட்டது. இது இரண்டாவது பிடி. முதலாவது பிளந்துபோன கதையை நான் சொல்லாவிட்டால் உன் அம்மா சொல்லிவிடுவாள்.

வாங்கும்போதே பார்த்தோம், யாரோ ஒரு புண்ணியவான் பாராங் கத்தியின் பிடியை எபாக்ஸி பசை ஊற்றி ஒட்டியிருந்தான். அதைக் கழற்றவே மூன்று நாள். சூடு காட்டினால்தான் பசை இளகும், ஆனால் சூடு வெட்டுவாய்க்குப் போனால் இரும்பின் பதம் கெட்டுவிடும், அதனால் வாள் முழுக்க ஈரச் சாக்கைச் சுற்றி, காம்புப் பக்கம், அதாவது பிடிக்குள் போகும் இரும்பின் பக்கம், மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. கழன்று வந்ததும் உள்ளே பார்த்தால் காம்பு சதுரம்! நான் அதுவரை பிடி போட்டதெல்லாம் நம் ஊர் மலாய்க் கெரிஸுக்கு, அதன் காம்பு உருண்டை. கெரிஸ் குத்துவதற்கானது, மோரோக்காரர்களின் வாள் அகலம், கனம், ஓங்கி வெட்டுவதற்கானது. வெட்டும்போது வாள் பிடிக்குள் திரும்பக் கூடாது, அதற்குத்தான் சதுரம். இதெல்லாம் இப்போது விவரமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் பழக்க தோஷத்தில் வட்டமாகத் துளை போட்டு, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். நாலு நாள் செதுக்கிய கட்டை இரண்டாகப் போயிற்று. ரயில்வே பட்டறையில் 31 வருஷம் ஆசாரி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

இரண்டாவதற்கும் கெமுனிங் கட்டைதான், பக்கத்து வீட்டில் வெட்டிப் போட்ட மரம். பிலிப்பைன்ஸிலும் அதைக் கமுனிங் என்றுதான் சொல்கிறார்கள். நம் கறிவேப்பிலைக்குச் சொந்தம், மஞ்சள் மரம், இழை நெருக்கம், உளிக்கு வெண்ணெய் மாதிரி இல்லை, ஆனால் சொன்னபடி கேட்கும். தலைப்பகுதியைக் காக்கத்துவா கிளியின் மூக்கும் கொண்டையும் மாதிரி செதுக்கினேன், அவர்கள் வழக்கம் அது. என் கொண்டை கொஞ்சம் சேவல் கொண்டை மாதிரி வந்துவிட்டது, கண்டுகொள்ளாதே.

துருவை எடுத்த பிறகு எலுமிச்சைச் சாறு தடவினேன். சாம்பல் நிறத்தில் இரும்பின் வரிகள் மேலே வந்தன பார், உன் அம்மாவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். பிடியை ஒட்டிய அகலமான அடித்துண்டு தனி இரும்பு, இடையில் மயிரிழை இடைவெளி தெரிகிறது. பிற்காலத்து வாள்களில் பலவற்றில் அங்கே வெறும் கோடுதான் கீறியிருப்பார்கள். அதனால் இது பழையது என்றே நினைக்கிறேன். 1878-இல் தெற்குப் பிலிப்பைன்ஸின் சுலுத் தீவுகளை ஆண்ட சுல்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை நீ இருக்கிற கரையும் அவருடையதாகத்தானே இருந்தது. அப்புறம் அமெரிக்கர்கள் சுலுவுக்கு வந்தார்கள், 1906-இல் ஹோலோ தீவில் புட் டாஜோ மலைமேல் ஒதுங்கியிருந்தவர்களைப் பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள், 1911-இல் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் உத்தரவு போட்டார். அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்ததா, கல்யாணச் சீராக வந்ததா, இந்த வாள் வாய் திறக்கப் போவதில்லை.

ஒட்டுவதற்கு அரக்குதான் வைத்தேன், என் தாத்தா அரிவாளுக்கு வைப்பாரே அதே மாதிரி. எபாக்ஸி கெட்டியாகப் பிடிக்கும் என்று உன் தம்பி சொன்னான், ஆனால் நாளைக்கு ஒருவன் என் பிடியைக் கழற்ற நினைத்தால் அவனும் மூன்று நாள் ஈரச் சாக்கோடு உட்கார வேண்டுமா? அரக்கு என்றால் லேசாகச் சூடு காட்டினால் போதும். பழசு மாதிரி தெரியச் சாயம் ஏற்று என்றும் சொன்னான். மாட்டேன் என்றேன். காம்பு போகும் துளைக்குள் பென்சிலால் இந்த வருஷத்தை எழுதிவிட்டுத்தான் மூடினேன்.

ஒரு வேலை பாக்கி. பிடியையும் வாளையும் சேர்த்துக் கவ்வும் உலோகப் பட்டை, அசாங்-அசாங் என்பார்கள், ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று இருந்த தடம் மட்டும் தெரிகிறது. இப்போதைக்குச் செம்புத் தகடு வளைத்துப் போட்டிருக்கிறேன். உன் பள்ளிக்கூடத்தில் சூலுக் டீச்சர், சுலு வம்சத்தவர், இருக்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான் அனுப்பும் படங்களைக் காட்டு. கிளிக் கொண்டையைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், பட்டை எந்த அளவு, எந்தப் பக்கம் மடியும் என்று மட்டும் கேட்டு எழுது.

அப்பா