தயிரா, வெண்ணெயா, ராமனா? – பெங்களூரு சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு சங்கீத சபாக்களின் செயலாளர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய அரங்கிலிருந்து நானும் என் ஆறு வயதுப் பேத்தியும் வெளியேற்றப்பட்டோம். எந்தச் சபா என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்களெல்லாம் 'நல்லவேளை, நாம் இல்லை' என்று மடலை மூடிவைத்துவிடுவீர்கள். வெளியேற்றிய தொண்டர் மீதும் எனக்குக் கோபம் கிடையாது. கழுத்தில் அட்டை தொங்க, இருட்டில் குனிந்தபடி வந்து, "அம்மா, குழந்தையைக் கொஞ்சம் வெளியே..." என்று கூச்சத்தோடு இழுத்தார். கல்லூரியில் படிக்கிற வயது. சொல்லச் சொன்னதைச் சொன்னார். அழைப்பிதழில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று அச்சிட்டிருந்தீர்கள். இவளுக்கு ஆறு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே விதிப்படிதான் வந்தோம். அவள் செய்த குற்றம் என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாடகர் கல்யாணி ராகத்தில் 'நிதி சால ஸுகமா' பாடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பழகிய பாட்டு அது. சரபோஜி மன்னர் அனுப்பிய பொன்னையும் பொருளையும் தியாகராஜர் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டு இதைப் பாடினார் என்று வழிவழியாகச் சொல்லும் கதையை அவளுக்குப் பல இரவுகள் சொல்லியிருக்கிறேன். செல்வம் சுகமா, ராமன் சந்நிதி சுகமா என்று முதலில் கேட்பவர், சரணத்துக்கு வந்ததும் சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறார்: தயிரும் வெண்ணெயும் பாலும் ருசியா, ராமனை நினைத்துப் பாடும் அமுதம் ருசியா? பேத்தி என் தொடையில் 'தகிட தகதிமி' என்று ஏழெண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு தட்டிக்கொண்டிருந்தாள். பாடகர் 'ததி நவநீத' என்று எடுத்தார். ஒரு முறை நேராக. சங்கதி போட்டு மறுமுறை. மூன்றாம் முறையும் அவர் கேட்டபோது, இத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே என்று தோன்றியதோ என்னவோ, நாற்காலியின் மேல் ஏறி நின்று உரக்கச் சொன்னாள்: "வெண்ணெய்!"

முன்வரிசை சிரித்தது. வயலின்காரர் வில்லை எடுக்காமலேயே சிரித்தார். பாடகர் எங்கள் பக்கம் திரும்பி அந்த வரியை நான்காம் முறையும் பாடினார். ஆனால் அதற்குள் எங்களை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வரியையே விதவிதமாக விரித்துப் பாடும் நெரவலை வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று கேட்டோம்.

தியாகராஜர் எதிர்பார்த்த பதில் வெண்ணெய் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஐம்பது வருடமாக இந்தக் கீர்த்தனையைக் கேட்டுத் தலையாட்டிவரும் எனக்கு, அவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்று ஒருநாளும் உறைத்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்தது அல்சூரில். ராமநவமி வந்தால் சாமராஜப்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்துப் பந்தலுக்கு அப்பா எங்களை பஸ்ஸில் அழைத்துப்போவார். அந்தப் பந்தலில் நான் கேட்ட சங்கீதத்தில் முக்கால்வாசி தூக்கத்தில் கேட்டது. அம்மாவின் மடியில் படுத்து, ஆலாபனையில் கண் சொக்கி, தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனத்தில் திடுக்கிட்டு விழித்து, எவர்சில்வர் தம்ளரில் பானகம் குடித்து, மறுபடியும் தூங்கிப்போவேன். வெளியே பஸ் ஹாரன் அடிக்கும். பின்வரிசையில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். எவ்வளவு பெரிய வித்வானும் அதற்காகப் பாட்டை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. இன்று குளிர்சாதன அரங்கும் மெத்தை நாற்காலியும் வந்துவிட்டன, ஒலியும் துல்லியம், என் முதுகுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. பந்தலில் இருந்த ஒன்று மட்டும் அங்கே இல்லை: குழந்தை கீழே உருளத் தரை.

வயலின் வித்வான் சௌடையாவின் நினைவு மண்டபத்தைப் பேத்திக்குக் காட்டவென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போனேன். 1980-இல் வயலின் வடிவத்திலேயே எழுப்பிய கட்டடம். மைக் பரவாத காலத்தில் பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் நாதம் எட்டவேண்டும் என்று சௌடையா நான்கு தந்தியை ஏழாக்கிக்கொண்டதைச் சொன்னேன். கட்டடத்தைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு அவள் கேட்டது: "கதவைத் திறந்து போனால் வயலின் வயிற்றுக்குள் இருப்போமா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் உள்ளே பேசினால் வெளியே பாட்டாகக் கேட்குமா?" இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒலியியல் படித்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.

இந்த ஊர்க் குழந்தைகளிடம் சென்னைக் குழந்தைகளுக்கும் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களா தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, பள்ளியில் மூன்றாம் மொழியாகப் பலருக்குச் சமஸ்கிருதம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளையும் கன்னடத்தில் பாடிய தாசர்களையும் கேட்க இதைவிட என்ன தயாரிப்பு வேண்டும்? வியாசராயரின் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' (கிருஷ்ணா, நீ சீக்கிரம் வா) எனக்குப் பல வருடம் வெறும் யமன் கல்யாணி ராகமாகத்தான் கேட்டது. இவளுக்கு அது பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா தினமும் மகனைக் கூப்பிடுகிற கூப்பாடு. "அவனும் இப்படித்தான் வரமாட்டான்" என்றாள். புரந்தரதாசர் 'ஜகதோத்தாரண'வில், உலகையே காப்பவனை யசோதை தூக்கி விளையாட்டுக் காட்டினாள் என்று பாடுகிறார். உலகைக் காப்பவன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், என்ன விளையாட்டு விளையாடினார்கள் என்பதுதான் இவளுடைய சந்தேகம்.

ஞாயிறு காலைகளில் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுக் குழந்தைகள் என் வீட்டுக் கூடத்துக்கு வருகிறார்கள். நான் பாட்டு டீச்சர் இல்லை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவர்களுக்குப் பாடவும் கற்றுத் தருவதில்லை. சேர்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான். நாங்களாக உண்டாக்கிக்கொண்ட விளையாட்டு ஒன்று இருக்கிறது: முத்திரை பிடிப்பது, அதாவது இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கிற அடையாளப் பெயரைப் பிடிப்பது. தியாகராஜர் தம் பெயரையே வைப்பார். தீட்சிதர் 'குருகுஹ' என்பார். சியாமா சாஸ்திரிக்கு 'ச்யாமக்ருஷ்ண'. தாசருக்கு 'புரந்தர விட்டல'. பாட்டு எங்கோ ஓர் இடத்தில் அந்தப் பெயரை ஒளித்து வைத்திருக்கிறது. காதில் விழுந்தவுடன் கையைத் தூக்கவேண்டும். கேட்கும்போதே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். ராகம் தெரியாது, பொருள் பாதி தெரியாது, ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கடைசிவரை கேட்டிருப்பான். தீட்சிதர் சில கிருதிகளில் ராகத்தின் பெயரையும் சேர்த்து ஒளிப்பவர் என்பதால் அவருக்கு இங்கே மதிப்பெண் அதிகம். நிதானமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு மத்யமகாலத்தில் திடீரென்று ஓட்டம் பிடிக்கும்போது எட்டுப் பேரும் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கவேண்டும்.

அதே தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் சமஸ்கிருதச் சொற்களை உட்காரவைத்த நொட்டுஸ்வரங்களும் இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' ஒலித்ததும் கீபோர்டு படிக்கிற பையன் ஒருவன், "இது இங்கிலாந்து தேசிய கீதம்!" என்று கத்தினான். அன்று முழுக்க ஒரே பேச்சு: கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளம் வாசித்ததை இந்த மனிதர் எங்கே நின்று கேட்டிருப்பார், அவர்கள் ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன மெட்டில் இவர் தம்மைக் காப்பாற்றும்படி அம்பாளிடம் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா? எட்டயபுரத்து வறட்சியில் தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை வரவழைத்த கதைக்கு வேறு விதமான வரவேற்பு. 'வர்ஷய வர்ஷய வர்ஷய' (பொழி, பொழி, பொழி) என்று கைகொட்டினார்கள். ஒருத்தி மட்டும், மழையை நிறுத்தப் பாட்டு உண்டா என்று விசாரித்தாள். அவளுடைய அப்பா போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாகத் தினமும் வீடு திரும்புபவர். 'ஸ்தம்பய' (நில்) என்று பாடி நிறுத்தினாராம் என்று கதையில் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள்.

எல்லா நாளும் சிரிப்பாகப் போவதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்திலிருந்து 'வருகலாமோ' போட்டேன். மாஞ்சி ராகம். தமிழ் என்பதால் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் வாசலில் நின்று ஒருவர் 'வரலாமா' என்று கேட்கிறார், அவ்வளவுதான் பாட்டு. முடிந்தவுடன் ஒரு பையன் கேட்டான்: "உள்ளே விட்டார்களா?" உடனே விடவில்லை என்றேன். "ஏன்?" நான் சாதி என்று ஒன்றைப் பற்றி ஆரம்பித்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது அவர்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள்: விடாதவர்கள் பக்கம்தான் தப்பு, பாட்டை இன்னொரு முறை போடுங்கள். எத்தனை கச்சேரிகளில் இந்த மாஞ்சிக்கு 'ஆஹா' போட்டிருக்கிறேன்! பாடுகிறவர் வெளியே நிற்கிறார், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்றுதான் மனத்தில் தைத்தது.

உங்களில் சிலர் குழந்தைகளுக்காக ஒன்றுமே செய்வதில்லை என்று சொன்னால் அது பொய். ஆண்டுதோறும் ராகம் கண்டுபிடிக்கும் போட்டி வைக்கிறீர்கள். அதையும் போய்ப் பார்த்தேன். ஐந்து விநாடி ஆலாபனை, மணி, விடை, கோப்பை. தோடி ராகத்தை ஐந்து விநாடியில் விட்டுவிட எப்படித்தான் மனம் வருகிறதோ! தோற்ற குழந்தைகள் அழுதார்கள். ஜெயித்தவர்களுடைய பெற்றோர்கள் படம் எடுத்தார்கள். இன்னொரு சபாவின் துண்டுப்பிரசுரத்தில், சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் மூளை வளரும், கணக்கு வரும் என்று மொஸார்ட்டைச் சாட்சிக்கு இழுத்திருந்தார்கள். 1993-இல் வெளிவந்த அந்த ஆய்வு நடந்தது கல்லூரி மாணவர்களிடம், குழந்தைகளிடம் அல்ல. காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பது போன்ற கணக்குகளில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண்; அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. ராமநவமிப் பந்தலில் தூங்கிய எனக்குக் கணக்கு கடைசிவரை சுமார்தான். வங்கியில் காலம் தள்ளினேன் என்றால் அது கால்குலேட்டர் புண்ணியம்.

சத்தம் என்று சொல்வீர்கள். சொல்லலாம். ஆனால் ஆலாபனை நடுவே கைப்பேசியை அலறவிட்டு, அதைப் பையில் தேடி எடுத்து, "கச்சேரியில் இருக்கிறேன்" என்று அறிவித்துவிட்டு அணைக்கிறவருக்கு எந்த வயது வரம்பும் கிடையாது. அதோடு, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் யார் எழுந்து போகிறார்கள்? மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசிக்கும் முன்பே வரிசை வரிசையாகப் பெரியவர்கள் காபிக்குக் கிளம்புகிறோம். நானும் போயிருக்கிறேன், உங்கள் கேன்டீன் காபி நன்றாக இருக்கும். ஆனால் கச்சேரியிலேயே குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கஞ்சிராவும் மிருதங்கமும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வது அவர்களுக்குப் பேச்சாகவே விழுகிறது. மூன்று முறை வரும் முடிவுச் சொற்கட்டான கோர்வையில் மூன்றாவது எங்கே முடியும் என்று விரலை மடக்கி எண்ணி, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் சரியாக விழுந்தால் தாங்களே வாசித்ததுபோல் குதிக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மேடைக்கு முன்னால் ஒரு ஜமக்காளம் விரியுங்கள், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்களே வெளியே போய்விடுகிறோம், யாரும் குனிந்து வந்து சொல்லவேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் போதும்: நான்கு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் முன் அதைச் செய்தவர் யார், எந்த ஊர், என்ன கேட்கிறார் என்று பாடகரே இரண்டு வார்த்தை. குழந்தை பதில் சொன்னால் சொல்லட்டும். பரிசு, சான்றிதழ், குழுப் படம் எதுவும் வேண்டாம். அதுவும் முடியாது என்றால், மாலைக் கச்சேரிகளில் எங்களைத் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் உள்ளே விடுங்கள். நீங்கள் காலிசெய்துவிட்டுப் போகிற நாற்காலிகளே எங்களுக்குப் போதும். காபி குடித்துவிட்டு நீங்கள் திரும்புவதற்குள் எழுந்துவிடுவோம்.

பேத்தி ஒரு கேள்வியும் சேர்க்கச் சொன்னாள். அன்று கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கக்காரர் ஈர ரவையைப் பிசைந்து, தொப்பி என்கிற மிருதங்கத்தின் இடது முகத்தில் அப்பியதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, உப்புமாவைத் தடவுகிறார்" என்றாள். இடது பக்கம் கனமாக, ஆழமாகப் பேசவேண்டும் என்று தடவுகிறார்கள் என எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிந்த பிறகு அதைச் சுரண்டி எடுத்து என்ன செய்வார்கள், காக்காய்க்குப் போடுவார்களா என்று அவரிடமே கேட்பதாக இருந்தாள். நாங்கள் அதுவரை உள்ளே இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மல்லேசுவரத்துப் பாட்டி ஒருத்தி