நகத்தைப் பார்த்து ஏமாந்தோம்

தம்பி,

ஒருவழியாக இதய வால்வு மாற்றச் சம்மதித்துவிட்டாய். நேரில் பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவாய், அதனால்தான் கடிதம். நாலு பேர் படிக்கிற இடம். வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பிறவி இதயக் கோளாறுக்காகச் சின்ன வயதில் உனக்கு ஆபரேஷன் முடிந்த அன்று, ஐசியூவில் போர்வைக்கு வெளியே கிடந்த உன் கைதான் கண்ணிலேயே நிற்கிறது. அதுவரை நீலம் பாரித்தே கிடந்த கட்டைவிரல் நகத்தை நர்ஸ் அழுத்தி விட்டார். வெளுத்து, உடனே சிவந்தது. இனி ஓடும்போது பாதியில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டாம் என்று பூரித்துப்போனோம். (குந்தினால் உடம்புப் பக்கம் அழுத்தம் கூடி, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டை வழியே கெட்ட ரத்தம் கலப்பது குறையும். யாரும் சொல்லித்தராமல் அதை நீயே கண்டுபிடித்திருந்தாய், செல்லமே.)

அன்றைக்குக் 'குணமாகிவிட்டது' என்றோமே, அதுதான் தப்பு. ஓட்டையை பேட்ச் வைத்து அடைத்தார்கள். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருந்ததால் வால்வு வளையத்தையே வெட்டி, அங்கும் ஒரு பேட்ச் போட்டு அகலமாக்கினார்கள். வெட்டிய வளையத்தில் வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் போன ரத்தத்தில் ஒரு பங்கு வலது கீழறைக்கே திரும்பும். அறை விரிந்து விரிந்து பல வருடம் தாங்கும். ஓட்டை அடைபட்டிருப்பதால் நகம் மட்டும் நீலமாகாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளமோ அதுதான். மன்னித்துக்கொள்.

ஆனால் எட்டு வருடம் எக்கோவுக்கு (இதய ஸ்கேனுக்கு) போகாதது நீ. படியேற முடியாமல் லிஃப்டைத் தேடியதும், கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றதும் நீதான். மூச்சு வாங்குவது உடம்புக்குப் பழகிவிடும்; அதனால்தான் முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு உன் தாங்குதிறனை அளக்கிறார்கள். எம்ஆர்ஐயில் அந்த வலது கீழறையின் கொள்ளளவு உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 160 மில்லியைத் தொட்டால், தொந்தரவு இல்லாவிட்டாலும் வால்வு மாற்றும் பேச்சு வரும். இசிஜியில் கியூஆர்எஸ் (கீழறைகளைச் சுருங்க வைக்கும் மின்னலை) அகலம் 180 மில்லிசெகண்டை எட்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு வாய்ப்பு கூடும். இதெல்லாம் உனக்கு எப்போதோ சொல்லப்பட்டிருக்க வேண்டும். யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதை விடு.

ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடு. புது வால்வு வந்தபின், அதில் கிருமி தொற்றாமலிருக்க, ஈறு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக். ஒவ்வாமை இல்லையென்றால் வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை), அப்புறம்தான் மருந்து. முன்னதாகவே போட்டுவிட்டால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

உனக்குப் பார்த்த பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டாயா? தழும்பு தெரியாமல் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு போட்டோ எடு என்றது நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு அவள் வயிற்றில் குழந்தை என்றால் அதற்கும் இதயக் கோளாறு இருக்கிறதா என்று 18 முதல் 22 வாரத்துக்குள் கரு எக்கோ பார்க்க வேண்டும். அதற்காவது தெரிய வேண்டாமா?

பழைய ஆபரேஷன் குறிப்பு பீரோவில் இருக்கிறது. அதே நெஞ்செலும்பைத்தான் திரும்பப் பிளக்க வேண்டும். உள்ளே எங்கே என்ன பேட்ச் என்று சர்ஜன் கேட்பார். மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஒட்டி அனுப்புகிறேன்.

அக்கா