நான்கு எழுத்தை வைத்துப் படிப்பை முடிவு செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டிப் பக்கத்தில், எந்தப் படிப்பில் சேர்வது என்று குழம்புகிறவர்கள் ஆளுமைச் சோதனை எழுதிப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தீர்கள். மதுரையிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் பள்ளிக்கே வந்து இதை நடத்திக் கட்டணம் வாங்குகிறார்கள். எழுதுவதில் தவறில்லை. கையில் தரும் அறிக்கையை எப்படிப் படிப்பது என்றுதான் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

பெரும்பாலும் தரப்படுவது மயர்ஸ்-பிரிக்ஸ் பாணிச் சோதனை. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதியவற்றை அடிப்படையாக வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது. எதிரெதிர் குணங்களாக நான்கு இரட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஆக நான்கு எழுத்தில் 16 வகைகள். ஒதுங்கி இருக்கும் உள்முகமா, கலகலப்பாகப் பழகும் வெளிமுகமா என்பது முதல் இரட்டை. ஆனால் மனிதர்கள் அப்படி இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. உயரத்தைப் போலத்தான் இதுவும்: நடுவில் நிறையப் பேர், இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் பேர்.

கணக்குப் போட்டால் புரியும். கலகலப்பை அளக்க 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்று வையுங்கள். 'புதியவர்களிடம் பேசத் தயங்குவேன்' போன்ற எதிர்ப்பக்க வாக்கியத்துக்கு, குறித்த எண்ணை 6-லிருந்து கழித்துப் போட வேண்டும். இதை மறந்தால் கூட்டலே கெட்டுவிடும். மொத்தம் 10-க்கும் 50-க்கும் இடையில் வரும். 30-ல் கோடு கிழித்தால் 29 வாங்கிய பிள்ளை உள்முகம், 31 வாங்கிய பிள்ளை வெளிமுகம். 31-ம் 49-ம் ஒரே வகை!

எந்தச் சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 7, நம்பகத்தன்மை (முடிவு எவ்வளவு மாறாமல் வருகிறது என்பது; 1 என்றால் முழுமை) 0.84 என்றால் பிழை 2.8, ஏறக்குறைய 3. 31 வாங்கியவர் அடுத்த மாதம் எழுதினால் 28-ம் வரலாம், 34-ம் வரலாம். குணம் மாறியிருக்காது, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்திருப்பார், அவ்வளவுதான். நான்கு இரட்டைகளிலும் இதே நிலை என்பதால், மறுமுறை எழுதும்போது ஓர் எழுத்தாவது மாறுவது சகஜம். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அசல் சோதனையை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து பண்பு முறையை: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். இது வகை பிரிக்காமல் மதிப்பெண்ணாகவே சொல்லும். 50 வாக்கியங்கள் கொண்ட வடிவம் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் கவனம் வேண்டும். 'நூற்றுக்கு எழுபது பேரை விடக் கலகலப்பானவர்' என்று வந்தால், எந்த நூறு பேர்? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோடு ஒப்பிட்ட எண், உசிலம்பட்டிப் பிள்ளைக்கு எதையும் சொல்லாது.

நடத்தும் விதமும் முடிவை மாற்றும். வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்றால் 'வேலையைத் தள்ளிப்போடுவேன்' என்ற வரிக்கு எந்த மாணவர் உண்மையாகக் குறிப்பார்? ஆசிரியர் வெளியே இருக்க வேண்டும், தாள் அவர் கைக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

'அப்படியே என் மகனைச் சொல்லிவிட்டது' என்று பெற்றோர் வியப்பதையும் சான்றாகக் கொள்ள முடியாது. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே வரிகளை எல்லோருக்கும் 'உன் ஆளுமை' என்று கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் போட்ட சராசரி, 5-க்கு 4.26.

விரல்ரேகை எடுத்து அறிவுத்திறனும் ஆளுமையும் சொல்கிறோம் என்பவர்களிடம் பணமே கொடுக்காதீர்கள். ரேகை கருப்பையிலேயே அமைந்துவிடுகிறது. அதிலிருந்து படிப்பைச் சொல்ல எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை.

பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனி மதிப்பெண் தருவீர்களா? பிழை எல்லை எவ்வளவு? ஒப்பீட்டுக் குழு யார், அதில் தமிழ்நாட்டு மாணவர்கள் உண்டா? தமிழில் எழுதலாமா? விளக்கிச் சொல்பவர் உளவியல் படித்தவரா? வெறும் நான்கு எழுத்தும் வண்ணப்படமும் மட்டும் தருவார்கள் என்றால், அந்தப் பணம் விண்ணப்பக் கட்டணத்துக்காவது ஆகும். கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன் இந்தக் கேள்விகளை உங்கள் வழிகாட்டிப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.